கடைசி வண்டியாய் நின்றவருக்கு

டுவூம்பா நகரிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியோர்க்கெல்லாம் முப்பத்தோராண்டு காலம் பயிற்றுநராய் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் பெருந்தகை அல்வின் பெக்மன் அவர்களுக்கு, உடன் பணியாற்றிய நாங்கள் உளமுவந்தும் உள்ளங்கூசியும் வாசித்தளிக்கும் மடல்.

சிவப்பு விளக்கின் முன்னும் சிந்தை சிதறாச் சீலரே! கண்ணாடி இரண்டையும் கண்ணெனக் காத்த கண்ணியரே! கிளட்சை விட்டுக் கையெடாக் கடமை வீரரே! கடைசி வண்டியாய் நின்று எங்கள் முதுகைக் காத்த முதல்வரே! வணக்கம்.

இந்த நான்கு விளிகளையும் எழுதி முடித்ததும், எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் நோலீன் பேனாவைக் கீழே வைத்தார். "இதப் படிச்சா பெருசு எழுந்து வீட்டுக்குப் போயிடும்" என்றார். அடித்துவிடலாமா என்று கேட்டோம். "வேணாம். முப்பது வருஷம் கேலி பண்ணியிருக்கோம். நாலு வரி புகழ்ந்தா குறைஞ்சா போயிடுவோம்" என்றார். ஆகவே ஐயா, தாங்கள் நாற்காலியை விட்டு எழாமல் இருக்க வேண்டுகிறோம். அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டியது இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறோம்.

பாராட்டு மடல் என்றால் பாராட்டு இருக்க வேண்டும். அதில் எங்களுக்குக் குறைவில்லை. மழையென்றும் மலைப்பனியென்றும் பாராமல் மைதானம் வந்தீர்கள். பயந்தவரைப் பதமாய்ப் பேசிப் பழக்கினீர்கள், பதறியவரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டீர்கள். தேர்வில் தோற்றவருக்குத் தேநீர் ஊற்றித் தந்து அடுத்த வாரம் வரச் சொன்னீர்கள். தங்களிடம் பழகியவர் இந்த ஊரின் எந்தத் தெருவிலும் உண்டு; எதிரே வரும் வண்டியில் தலையசைத்து வணங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் தங்கள் மாணவர்கள்தாம். இவ்வளவையும் மனமாரச் சொல்கிறோம். ஆனால் இதோடு நிறுத்திச் சட்டம் போட்டு மாட்டினால், அந்தச் சட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவள் கெய்லீன் டன்ஸ்டன். தங்களுக்கு அடுத்த பயிற்றுநர். வரும் திங்கட்கிழமை தங்கள் இடத்தில் தலைமைப் பயிற்றுநராய் அமர வேண்டியவள். வாசிப்பேன் என்று முன்வந்தவளும் அவளே, ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "எழுதுறது நீங்க. என்னைப் பத்தி வர்ற எடத்துல எங்கயும் பூசி மெழுகக் கூடாது. 'அவர்' கிவர்னு மரியாதையெல்லாம் வேணாம். என்ன நடந்துச்சோ அத எழுதுங்க, நான் நின்னு படிக்கிறேன்." அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறோம். இன்னொன்றையும் அவள் அப்போதே சொல்லிவிட்டாள். "திங்கக்கிழமை கொட்டகைச் சாவிய வேற யாருக்காவது குடுங்க. எனக்கு அந்தத் தகுதி இல்ல." பயிற்சி வண்டிகள் நிற்கும் கொட்டகையின் சாவி, தலைமைப் பயிற்றுநர் கையில் இருக்கும் சாவி, இன்னும் தங்களிடம்தான் இருக்கிறது, ஐயா. அதை யார் கையில் கொடுப்பீர்கள் என்பது இந்த வரியை எழுதும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் புதிதாய்ச் சேர்வோருக்கு முதல் நாளே தாங்கள் சொல்லும் பாடத்தை நாங்கள் எல்லோரும் மனப்பாடமாய் அறிவோம். சிக்னலில் நிற்கும்போது முன்வண்டியின் முதுகில் ஒட்டாதே, இடம் விட்டு நில். பாதையின் நடுவில் நிற்காதே, ஒதுங்கப் போகும் பக்கமாய் நில். முதல் கியரில் வை, கிளட்சைப் பிடித்திரு. பிரேக் விளக்கை மூன்று தடவை மினுக்கு. கண்ணாடியைப் பார். "பின்னாடி ஒரு வண்டி வந்து நிக்கிற வரைக்கும் நீ இன்னும் நிக்கல." இதைத் தாங்கள் சொல்வீர்கள், நாங்களும் சொல்வோம். காலையில் மைதானத்தில் இதையே பாடமாய்ச் சொல்லி, மாலையில் மதுக்கடை வாசலில் இதையே கேலியாய்ச் சொன்ன வாய்கள் எங்களுடையவை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நாங்கள்தாம்.

ஏனென்றால் தாங்கள் அதைப் பாடமாய் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு நாளும், கறிவடை வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போகும்போதும் அப்படியே நின்றீர்கள். பக்கத்தில் வண்டியை நிறுத்தி எவரேனும் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. கழுத்து அசையாது. கண் மட்டும் இடக் கண்ணாடிக்கும் வலக் கண்ணாடிக்கும் போய்வரும். "பெருசு தியானத்துல இருக்கு" என்பார் இன்னொரு பயிற்றுநரான பிரென்டன். தங்கள் பிரேக் விளக்கு மினுங்கும்போது, "யாருக்கோ கண்ணடிக்குது பாரு" என்பாள் கெய்லீன். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை, நோலீன் உட்பட.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு துயரக் கதை இருக்கும் என்றும் நினைத்தோம். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் கெய்லீன் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க பெருசு. யாரு செத்தா? எந்த சிக்னல்ல?"

"யாரும் சாகல."

"பின்ன எதுக்கு இப்படி முறைச்சிட்டு நிக்கிறீங்க?"

"பின்னாடி வர்றவன் என்னப் பாத்தானான்னு எனக்குத் தெரியாது. அதான் நான் அவனப் பாக்குறேன்."

"இத்தன வருஷமாப் பாக்குறீங்களே, ஒருத்தனாவது வந்து இடிச்சிருக்கானா?"

"இல்ல" என்றீர்கள். "அதத்தான் நானும் சொல்றேன்."

மேசையே குலுங்கச் சிரித்தோம். கதை ஒன்று இருந்திருந்தால் மரியாதை கொடுத்திருப்போம். கதை இல்லை என்றதும் கேலி இரட்டிப்பாயிற்று. இப்போது யோசித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு நாம் எல்லோரும் சேர்ந்து வண்டியோட்டிப் போவோம். முன்னால் போவது பெருமை, வாலில் வருவது இளப்பம். புதிதாய்ச் சேர்ந்தவனுக்கோ, முந்தின முறை வழி தவறியவனுக்கோதான் வால் கொடுப்பது எங்கள் வழக்கம். தாங்கள் மட்டும் கேட்காமலே வாலில் போய் நின்றுகொள்வீர்கள். "பெருசுக்கு வேகம் வராது, விட்ருங்க" என்று நாங்களும் விட்டுவிடுவோம். போய்ச் சேர்ந்த இடத்தில் நாங்கள் இறைச்சிக் கறிவடைகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் தாங்கள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றுவீர்கள். தங்களுக்கு மிஞ்சுவது எப்போதும் கீரைக் கறிவடை. அது தங்களுக்குப் பிடிக்கும் போல என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சிக்னலில் நிற்கும் கூட்டத்துக்கு ஆபத்து வருமானால் அது பின்னாலிருந்துதான் வரும், முதலில் வாலில்தான் வந்து விழும் என்பது வண்டியோட்டக் கற்றுக்கொடுக்கும் எங்களுக்குத் தெரியாததா? தெரியும். தாங்கள் வாலில் நின்றதால்தான் நாங்கள் முன்னால் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, கையை விட்டுவிட்டு, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிக்கொண்டு அரட்டையடிக்க முடிந்தது என்பதுதான் தெரியவில்லை.

தாங்கள் ஓய்வு பெறும் நாள் முதலில் ஜூன் மாதக் கடைசியில் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு தங்களுக்காகவே ஒரு விடைபெறும் பயணம் ஏற்பாடு செய்தோம். மேற்கே நெடுஞ்சாலையில் போய், ஓக்கி ஊரில் இரவுச் சாப்பாடு. அன்றைக்குத் தங்களைக் கௌரவிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. ஆகவே தங்களை முன்னால் நிறுத்தினோம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை தெரியாது.

"நான் பின்னாடியே வர்றேன்" என்றீர்கள்.

"அதெல்லாம் இல்ல. இன்னைக்கு நீங்கதான் ராஜா" என்றார் பிரென்டன்.

"அப்போ வால் யாரு?"

"நான்" என்றாள் கெய்லீன். "கவலப்படாம முன்னாடி போங்க பெருசு. வால ஆட்டாம வர்றேன்."

எல்லோரும் சிரித்தோம். தாங்கள் சிரிக்கவில்லை. அவள் வண்டியருகில் வந்து மெதுவாய், "கியர்ல வை. கண்ணாடியப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் ஏறினீர்கள். அவள் நெற்றியில் கைவைத்து ராணுவ வணக்கம் போட்டாள்.

அவள் வாலைக் கேட்டு வாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த விழாவில் திரையில் போட்டுக் காட்டுவதற்காகத் தாங்கள் சிக்னலில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பின்னாலிருந்து கைபேசியில் படம் பிடிக்க வேண்டும். அதுதான் திட்டம். கூடவே ஒரு பரிசும் தயாராய் இருந்தது. கொட்டகையின் பழைய சுழல் நாற்காலி ஒன்றுக்கு, இரண்டு பக்கமும் லாரிக் கண்ணாடிகள் பொருத்தியிருந்தோம். ஓய்வுக் காலத்தில் தங்களைப் பின்னாலிருந்து யாரும் இடித்துவிடக் கூடாதே என்று. அதை வடிவமைத்தவள் கெய்லீன், பற்றவைத்துப் பொருத்தியவர் பிரென்டன், பார்த்துப் பார்த்து ரசித்தவர்கள் மற்ற எல்லோரும்.

ஊரின் மேற்கு எல்லையில், சரிவு இறங்கி முடியும் இடத்தில் ஒரு சிக்னல் இருக்கிறதல்லவா, அங்கே சிவப்பு விழுந்தது. மாலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நமக்குப் பின்னால் சாலை காலியாய் இருந்தது. தாங்கள் கோட்டருகே இடப்புறம் ஒதுங்கி நின்றீர்கள். நாங்கள் தங்களுக்குப் பின்னால் கோணல்மாணலாய் நின்றோம். கெய்லீன் கடைசியில் நின்று, நியூட்ரலில் போட்டு, கையுறையைக் கழற்றி, கைபேசியை எடுத்தாள்.

அந்தப் படம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு புல்லில் கிடந்த கைபேசி அப்போதும் பதிவு செய்துகொண்டுதான் இருந்ததாம். மறுநாள் கொட்டகையில் நாங்கள் அதை ஒரே ஒரு முறை பார்த்தோம். தூரத்தில் தங்கள் முதுகு தெரிகிறது. தலை அசையவில்லை. தங்கள் பிரேக் விளக்கு மினுங்குகிறது. கெய்லீனின் குரல் கேட்கிறது: "பாத்தீங்களா, ராஜா ஆகியும் கண்ணடிக்கிறத விடல." அப்புறம் தங்கள் ஹாரன், நிறுத்தாமல். தங்கள் இடது கால் நீண்டு சரளை ஓரத்தைக் காட்டுகிறது, இரண்டு தடவை, மூன்று தடவை. அப்போதும் அவள் சிரிக்கிறாள். நாங்கள் பார்த்த அளவில், அந்தச் சிரிப்புதான் அந்தப் படத்தில் மிக நீளமாய் இருக்கிறது.

சரிவின் உச்சியிலிருந்து வைக்கோல் கட்டுகள் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்துகொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. கூட்டத்தின் தலையில் நின்ற தாங்கள், வாலில் நின்றவளுக்குப் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டீர்கள். வாலில் நின்றவள் தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாங்கள் சரளைக்கு ஒதுங்கியதும் மற்றவர்கள் பின்னாலேயே ஒதுங்கினார்கள். பிரென்டனின் வண்டியும் நியூட்ரலில்தான் இருந்தது, அவர் காலால் உந்தித் தள்ளிக்கொண்டுதான் தப்பினார். இதையும் எழுதச் சொன்னவர் அவரே. கெய்லீன் நடுச்சாலையில் தனியாய் நின்றாள். ஒரு கையில் கைபேசி, கையுறை மடியில், கியர் இல்லை. ஏதோ சரியில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, ஆனால் எது என்று தெரியவில்லை. இடக்கை கிளட்சைத் தேடியது, கால் கியரைத் தேடியது.

தாங்கள் கத்தினீர்கள். அதுவரை தங்கள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை.

"போட்டுட்டுக் குதி!"

குதித்தாள். அந்தப் பிக்கப் அவளுடைய வண்டியை மட்டும் இழுத்துக்கொண்டு சந்திப்பின் மறுகரைக்குப் போய் நின்றது. சாலையோரக் கம்பத்தில் மோதி அவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. அவ்வளவோடு போயிற்று. அந்த வண்டியைப் பிறகு பார்த்தவர்களுக்கு, 'அவ்வளவோடு' என்ற சொல்லின் அர்த்தம் தெரியும்.

வண்டியை ஓட்டி வந்தவர் ஒரு வைக்கோல் விவசாயி, தங்கள் வயதுக்காரர். கீழே இறங்கியவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை கெய்லீனை அசையவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி நோலீனிடம் சொல்லிவிட்டு, தாங்கள் அவரிடம் போனீர்கள். புல்லில் உட்கார வைத்து, தங்கள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

"வெயில் கண்ணுல அடிச்சிதா?"

"ஆமாங்க. சத்தியமா நான் யாரையும் பாக்கல. ஒண்ணுமே தெரியல."

"தெரியும். நீங்க பாக்க மாட்டீங்கன்னுதான் நாங்க பாக்கணும். குடிங்க."

அதைக் கேட்டுக்கொண்டு சுற்றி நின்றோம். அவரைத் திட்டக் கிளம்பிய பிரென்டன் அப்படியே திரும்பிப் போய்த் தன் வண்டியில் சாய்ந்துகொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்களில் ஒருவராவது அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்திருந்தோமா என்று எவரும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் கெய்லீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். தாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"திட்டிடுங்க" என்றாள். "திட்டிட்டுப் போங்க. இப்படி உக்காந்திருந்தா என்னால தாங்க முடியாது."

"நான் எதுக்குத் திட்டணும்? எலும்பு திட்டிடுச்சில்ல."

"பெருசு, நான் உங்களப் படம் எடுத்திட்டு இருந்தேன். கேலி பண்ணி சிரிக்கிறதுக்கு."

"தெரியும். கண்ணாடியில பாத்தேன்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கினால் எலும்பு வலிக்கும் என்பதால் அழவும் முடியவில்லை. "சாவிய வேற யாருக்காவது குடுங்க. என்கிட்ட ஒருத்தரும் வண்டி கத்துக்கக் கூடாது" என்றாள்.

"அத அப்பறம் பாப்போம். ஓய்வத் தள்ளி வெச்சிருக்கேன். மொதல்ல எலும்பு கூடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு வந்த ஜெல்லியைத் தாங்கள் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். அவளுக்கு ஜெல்லி பிடிக்காது என்பது தங்களுக்குத் தெரிந்திருந்தது. தங்களுக்குக் கீரைக் கறிவடை பிடிக்காது என்பதை இத்தனை வருடத்தில் நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. அதையும் அந்த வாரம்தான் நோலீன் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

கேலிக்காகச் செய்த அந்த நாற்காலியைத் தார்ப்பாயில் மூடிக் கொட்டகை மூலையில் தள்ளினோம். "குப்பைமேட்டுக்குக் கொண்டு போயிடு, நான் அத இனிமேப் பாக்கக் கூடாது" என்று கெய்லீன் பிரென்டனிடம் கெஞ்சியிருந்தாள். அவர் கொண்டுபோவதற்குள் தாங்கள் ஒருநாள் ஏணி எடுக்கப் போய்த் தார்ப்பாயை விலக்கிவிட்டீர்கள். கட்டுப்போட்ட கையோடு அன்றைக்குத்தான் முதல்முறையாய் வந்திருந்த கெய்லீன், நின்ற இடத்திலேயே கூனிக் குறுகிப் போனாள்.

தாங்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தீர்கள். உட்கார்ந்தீர்கள். இடப்பக்கம் பார்த்தீர்கள், வலப்பக்கம் பார்த்தீர்கள்.

"இது எனக்கா?"

பிரென்டன் தார்ப்பாயை மடிக்கத் தொடங்கினார்.

"இடது கண்ணாடிய இன்னும் கொஞ்சம் கீழ எறக்கணும்" என்றீர்கள். "ஸ்பேனர் எங்க? எங்க தோட்டத்துல வாலபிக் கங்காரு வந்து பீன்ஸ் செடிய மேஞ்சிட்டுப் போகுது. இது இருந்தா முதுகத் திருப்பி உக்காந்துட்டே பாத்துக்கலாம்."

அந்த நாற்காலிதான், சபையோரே, மேடையில் இப்போது அவர் உட்கார்ந்திருப்பது. தெரியாதவர்கள் அதை ஏதோ வேடிக்கை என்று நினைக்க வேண்டாம். எங்கள் வெட்கத்தின் மீது அமர்ந்துதான் அவர் எங்கள் பாராட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எலும்பு கூடிய பிறகு கெய்லீன் மைதானத்தில் தனியாய் வண்டி எடுத்தாள். பயிற்சிக்கென்று தரையில் வரைந்த வெள்ளைக் கோட்டில் வந்து நிற்பாள். ஒதுங்கி நிற்பது, முதல் கியர், மூன்று மினுக்கல், இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி. பின்னால் சுவர்தான் இருக்கிறது, சுவரைப் பார்ப்பாள். சுற்றி வந்து மறுபடி நிற்பாள். வண்டியோட்டத் தெரியாத புதுமாணவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவள்தானா எங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவள் என்கிற மாதிரி. அவள் காது சிவந்துபோனது கொட்டகை ஜன்னலிலிருந்தே எங்களுக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிரென்டன், தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் நிறுத்தினார். அடுத்த சுற்றில் நோலீன் தன் காரைக் கொண்டுபோய் அவருக்குப் பின்னால் நிறுத்தினார். அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

இதுவரை உள்ளவை நேற்று எழுதி முடித்தவை. இனி வருபவற்றை நோலீன் சற்று முன்பு, இந்த மண்டபத்தின் சமையலறையில் நின்றபடி கையால் எழுதிச் சேர்த்தார். கெய்லீன் இதை இன்னும் பார்க்கவில்லை. இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறாள். நிறுத்தாமல் படி, கெய்லீன்.

இன்று காலை தங்களை அழைத்துவர எல்லோரும் வண்டியோடு தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். யார் எங்கே நிற்பது என்று கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. தாங்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வந்தீர்கள், வரிசையைப் பார்த்தீர்கள், வண்டியை உருட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினீர்கள். நாங்கள் அவரவர் இடத்துக்கு ஒதுங்கியதும் வால் காலியாய் இருந்தது. கெய்லீன் கையுறையை மாட்டி இறுக்கினாள். பிறகு அங்கே போய் நின்றாள்.

லாரிகள் போகும் ஜேம்ஸ் தெரு சிக்னலில் சிவப்பு விழுந்தது. தாங்கள் வழக்கம்போல் ஒதுங்கி நின்றீர்கள். இடக் கண்ணாடியில் பார்த்தீர்கள், ஒரே தடவை. வாலில் ஒரு கை பிரேக்கை மூன்று முறை அழுத்தியது.

அப்புறம் தாங்கள் ஒன்று செய்தீர்கள், ஐயா. பிரென்டன் பக்கத்தில் நின்று பார்த்தார், அவர் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. தங்கள் கால் கியரை மேலே தட்டியது. நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியை விட்டு இரண்டு கையையும் எடுத்தீர்கள். விரல்களை மடக்கி நீட்டிச் சொடுக்கெடுத்தீர்கள். கவசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, பிரென்டனைப் பார்த்து, "குளிர் விட்டுப்போச்சு, இல்ல? இந்த வருஷம் பூத்திருவிழாவுக்கு ரோஜா நல்லா வரும்" என்றீர்கள். விளக்கு பச்சையாகும்வரை ரோஜாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் திரும்பவில்லை, கண்ணாடியைப் பார்க்கவும் இல்லை.

முப்பத்தோராண்டில் சிக்னலில் தாங்கள் கையெடுத்ததை எவரும் பார்த்ததில்லை.

மண்டப வாசலில் இறங்கியதும் பிரென்டன் ஓடிப்போய்க் கெய்லீனைப் பிடித்துக்கொண்டார்.

"சிக்னல்ல முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பாத்தியா?"

"எந்த சிக்னல்ல?"

"ஜேம்ஸ் தெருவுல. பெருசப் பாத்தியா?"

"இல்ல" என்றாள். "பின்னாடி ஒரு வெள்ள லாரி வந்திட்டிருந்துச்சு. நிக்குமா நிக்காதான்னு அதையே பாத்திட்டிருந்தேன். ஏன், என்னாச்சு?"

பிரென்டன் திரும்பித் தங்களைப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நின்ற தங்கள் காதிலும் அது விழுந்தது. சாவிக்கொத்தை எடுத்தீர்கள். வளையத்திலிருந்து கொட்டகைச் சாவியைக் கழற்ற நகம் நுழையாமல் வெகுநேரம் போராடினீர்கள். கழன்றதும் நோலீன் கையில் கொடுத்து, "படிச்சு முடிச்சதும் குடு" என்றீர்கள்.

கெய்லீன், சாவி உனக்குப் பின்னால் உள்ள மேசைமேல் இருக்கிறது. ஜேம்ஸ் தெருவில் நீ பார்க்காமல் விட்டது அவர் கையெடுத்ததைத்தான், அதைப் பார்க்காமல் லாரியைப் பார்த்ததற்காகத்தான் சாவி உனக்கு.

ஐயா, பெருந்தகையே! தங்கள் கால்கள் தளராமலும் கண்கள் மங்காமலும் தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும். தங்கள் பீன்ஸ் கொடி பந்தலேறிக் காய்க்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு எங்களோடு வர வேண்டும், வந்தால் முன்னால்தான் வர வேண்டும். இறைச்சிக் கறிவடையில் முதலாவது இனித் தங்களுக்கே. தங்கள் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தாங்கள் இனிப் பார்க்க வேண்டியதில்லை. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

தலைகுனிந்து நன்றி கூறும்,
கெய்லீன் டன்ஸ்டன், பிரென்டன், நோலீன்
மற்றும் பயிற்சிக்கூடப் பணியாளர்கள் அனைவரும்
டுவூம்பா